நாலுக்கு நாலு

1

எழுபத்தோரு மணி நேரம். தாயுல் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவு நேரம். தென்கொரியாவில், தேஜோன் நகர ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. அவள் எதையோ விழுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: வருங்காலத்தில் நம் இரத்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கருவிகள் ஒன்றோடொன்று—

அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருந்தது.

நானோ அளவுக் கருவிகளுக்குக் கம்பி இல்லை, கோபுரம் இல்லை. ஒரு கூட்டம் சில மூலக்கூறுகளைத் திரவத்தில் விடும். அவை தம் போக்கில் அலைந்து இன்னொரு கூட்டத்தை எட்டினால், அது பச்சையாக ஒளிரும். செய்தி சேர்ந்தது என்று பொருள். (பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் நமக்குத் தெரிவதுபோல. எப்போது தெரியும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.) நாளை உடலுக்குள் ஒரு கூட்டம் ‘சர்க்கரை ஏறிவிட்டது’ என்று சொல்லும். கேட்கும் கூட்டம் இன்சுலினை விடும்.

3

செவ்வாய்க்கிழமை. பொத்தானை அழுத்திச் செய்தி அனுப்ப வேண்டும். ஒளிர்ந்து அணைந்ததும் கண்ணாடித் தகட்டைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பழையதன் மிச்சம் சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி ஒளிரவும் வைக்கலாம். மொத்தம் நான்கு செய்திகள். மூன்று சேர்ந்துவிட்டன. சோதனை ஹான்கியோலுடையது, ஏழாம் வருட மாணவன். நான்காவதும் சேர்ந்தால் அவனுக்கு முனைவர் பட்டம். பொத்தான் தாயுலின் பொறுப்பு.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கருப்பு நூடுல்ஸ் வந்தது.

“கடைக்குட்டி எங்க? ஊறிப்போச்சுன்னா நீதான் ஒத்தையா தின்னு தீக்கணும்,” என்றான் ஹான்கியோல்.

“ஒரே நிமிஷம்ணா.”

“உன் நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன வாரம் கஞ்சியாத்தான் குடிச்சோம்.”

இங்கே வயதில் இளையவர்தான் எல்லாருக்கும் சாப்பிடும் குச்சி வைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், முள்ளங்கி டப்பாவைப் பிரிக்க வேண்டும். தாயுல் எழுந்து போனாள்.

[இங்கே ஒரு வரி இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. எடுத்துவிட்டேன்.]

அவள் திரும்புவதற்குள் ஹான்கியோல் தகட்டை எட்டிப் பார்த்துவிட்டான். பச்சை.

“நாலுக்கு நாலு. இன்னைக்கு நீ உக்காரு, தண்ணி நான் ஊத்துறேன்.”

மூத்தவன் இளையவளுக்கு இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுத்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.* அவள் வாயைத் திறந்தாள். பிறகு குடித்தாள்.

* நானும் தட்டினேன்.

4

ஹான்கியோலைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. “முடிஞ்சிருச்சும்மா, இனிமே ஊருக்கு வந்துருவேன்” என்று அவன் போனில் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தாயுல் சொல்வதே இல்லை. கருவிகள் நோயாளிகளுக்குள் போகின்றன. இன்னொன்றில் அவனிடம் மட்டும் தனியாகச் சொல்கிறாள், அவன் முகம்—

இல்லை. அவன் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

5

வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது. நோயாளிகளிடம் சோதிக்கலாமா என்று முடிவு செய்ய மருத்துவர்கள் வந்திருந்தார்கள். பேராசிரியர் நம்குங் திரையில் நான்கு பச்சைப் புள்ளிகளைக் காட்டினார். ஒரு மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அனுப்பினதெல்லாம் கேட்டுச்சு, சரி. அனுப்பாமலே கேட்டதா எத்தனை தடவை சொல்லிச்சு? ஏறாத சர்க்கரைக்கு இன்சுலின் விட்டா ஆள் போயிடுவார்.”

“பொத்தான் உன் கையிலதானே இருந்துச்சு? நீயே சொல்லும்மா,” என்றார் நம்குங்.

ஹான்கியோல் அவளைப் பார்த்துச் சிரித்தான், தைரியம் கொடுப்பவனாக.

அவனுக்குப் பட்டம் கிடைத்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் இதுவரைக்கும்தான்.

தாயுல் எழுந்து நின்றாள்.

“ஒரு தடவை, சார். சாப்பாடு எடுத்து வெச்சிட்டு வந்து கழுவிக்கலாம்னு போயிட்டேன். நாலாவதை நான் அனுப்பவே இல்ல.”