வாய் மூடிய சங்கு

நிலாவெளிக் கரையில் றுஸைனா சிப்பி பொறுக்கிய பொறுக்கலைப் பார்க்க வேண்டுமே! உக்குவளையிலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே வேனில் வந்து இறங்கியதும், பிள்ளைகளெல்லாம் தண்ணீருக்கு ஓட, இவள் மட்டும் சுடுமணலில் குனிந்தவள் நிமிரவேயில்லை.

"நம்ம ஷோகேஸுல வச்சா எப்படி இருக்கும், மதினி! வெள்ளிக்கிழமை மாப்புள வீட்டாரு பாத்து அசந்து போவாங்க."

றஹீமா சிரித்துவைத்தாள். மாப்பிள்ளை வீட்டாராம்! தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் பலீலின் குடும்பம். போன வருடம் றஹீமாவின் மகள் ஜஸ்லாவைப் பார்த்துப் பிடித்துப்போய், நாள் குறிக்கும் வரைக்கும் வந்தவர்கள். பெண்ணின் மாமி, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி என்று றுஸைனாவிடம் தனியாக விசாரித்திருக்கிறார்கள். "நான் என்னத்தச் சொல்ல? வீட்டு விஷயம் வீட்டாருக்குத்தானே தெரியும்" என்று ஒரு பெருமூச்சு விட்டாளாம், பாவி. பெண்ணுக்கு ஏதோ நோய் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். ஜஸ்லா மாதக்கணக்கில் அறைக்குள் அழுது கிடந்தாள். இப்போது அதே மாப்பிள்ளை றுஸைனாவின் மகள் ஆதிபாவைப் பார்க்க வருகிறான். என்ன நெஞ்சழுத்தம்!

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி றஹீமாவின் கையிலிருந்த சங்கைப் பார்த்தாள். "வாய் மூடின சங்கு வேணாங்கக்கா. உள்ள உசிர் இருக்கு. கொண்டு போனா செத்து, வீடே நாறும்."

மலைநாட்டுக்காரிகளுக்குச் சங்கென்றால் வெறும் ஓடுதான். றஹீமாவுக்கே அன்றுதான் தெரிந்தது. றுஸைனா காதுக்கெட்டாத தூரத்தில் நின்றாள். உயிரைக் கொல்கிறோமே என்று ஒருதரம் மனம் குத்தியது. என் பிள்ளை உயிரோடு செத்தாளே, அதை யார் பார்த்தார்கள்? வாய் மூடியதாகவே றஹீமா தேடிப் பொறுக்கினாள்.

"இந்தா றுஸைனா. கோப்பைகளுக்குப் பின்னால வை, எடுப்பா இருக்கும்."

"அல்லாவே, என் மேல எவ்வளவு இரக்கம் உங்களுக்கு!"

அந்தக் கிழமை முழுக்க றுஸைனா செத்த எலியைத் தேடினாள். கூரைக்கு ஆள் ஏற்றினாள், சாம்பிராணி போட்டாள். ஷோகேஸ் பூட்டியே கிடந்தது. தங்க விளிம்புக் கோப்பைகள் சம்பந்தம் பேச வருபவர்களுக்கு மட்டும்தான் இறங்கும். வேறொரு வீட்டுக்காரி என்றால் முன்கூட்டியே எடுத்துக் கழுவி வைத்திருப்பாள். றுஸைனாவுக்கோ வந்தவர்கள் கண்முன்னே சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் திறந்தாள். அப்பப்பா, அந்த நாற்றம்! மாப்பிள்ளையின் தாய் முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள். ஆதிபா கொண்டுவந்த தேத்தண்ணியை ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

புருஷனின் கட்டாயத்துக்காக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த றஹீமாவை அந்தத் தாய் வாசலில் பிடித்தாள். "நீங்களும் இந்தக் குடும்பம்தானே. இந்த வீட்டுல யாருக்கு என்ன நோய் வருத்தம்? உண்மையச் சொல்லுங்க."

சங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். றஹீமா பெருமூச்சு விட்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல? வீட்டு விஷயம் வீட்டாருக்குத்தானே தெரியும்."

பின்னால் நின்ற றுஸைனாவின் முகம் வெளிறிப்போனது. மாப்பிள்ளை வீட்டாரின் வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து றஹீமா வயிறார உண்டாள். மதிலுக்கு அப்பால் ஆதிபா தேம்பி அழுவது கேட்டது. ஜஸ்லா ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

ஜஸ்லா தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தச் சங்கெல்லாம் நீங்கதானே பொறுக்கிக் குடுத்தீங்க? மாமிக்குச் செஞ்சது சரி. ஆதிபா என்ன உம்மா செஞ்சா?"

ஜஸ்லா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள்.