மகஜர் கொடுத்த படம்

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. ஆத்திரத்தோடு போன இடத்தில் ஏனடி சிரித்தாய் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானேதான் என்னைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜெயசுதன். குருநகரில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். நாலு வயதில் வந்த காய்ச்சலோடு இரண்டு காதும் போய்விட்டது. எங்கள் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார், மீதியைக் கைபேசியில் எழுதிக் காட்டுவோம். தமிழ்ப் படம் அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. எல்லாரும் வாய் ஓயாமல் கதைக்கிறார்கள், கீழே ஓர் எழுத்து இல்லை. முதன்முதலாக ஒரு கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, பக்கத்தில் ஒருவரையும் கேட்காமல் அவர் பார்த்தது யப்பான்காரர் வரைந்து ஓடவிடும் அனிமேயில்தான். அதற்குக் காரணம் ஊசித்தும்பி.

ஊசித்தும்பி, சென்னையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் நடத்திய சின்ன நிறுவனம். பெரிய ஆட்கள் திரும்பியும் பார்க்காத அனிமேத் தொடர்களுக்கு முறைப்படி உரிமை வாங்கி, தமிழ்ச் சப்டைட்டில் போட்டு இணையத்தில் விட்டார்கள். சப்டைட்டில் எழுதியவர்கள் ரசிகர்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஆறு பேர். கதைப்பதை மட்டுமல்ல, சத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதினோம். (தகரத்தில் மழை). (தூரத்தில் நாய் குரைக்கிறது). எழுதியதை அண்ணை பார்த்துச் சரி என்றால்தான் சென்னைக்குப் போகும். மூன்று விநாடிக்குள் வாசித்து முடிக்க ஏலாத வரி வந்தால் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். உடனே வெட்ட வேண்டும். நான் ஆசை ஆசையாக எழுதிய எத்தனையோ வரிகள் அந்த மூன்று விரலுக்குப் பலியாகியிருக்கின்றன.

கடைசியாகச் செய்தது ஒரு படகுக்காரியின் கதை. தகப்பன் விட்டுப்போன ஓட்டைப் படகைத் திருத்திக்கொண்டு, காணாமல் போன தமக்கையைக் கடல் முழுக்கத் தேடுகிறாள். இருபத்துநாலு அத்தியாயம். இருபத்திரண்டாவதின் முடிவில் ஒரு மணல்திட்டியில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது தமக்கையா இல்லையா என்று அண்ணை ஒரு கிழமையாக என்னோடு கைச்சாடையில் சண்டை பிடித்தார். நாங்கள் அடுத்ததை எழுதத் தொடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பனி ஊசித்தும்பியை வாங்கியது. "ஒன்றாக இன்னும் உயரத்துக்கு" என்று அறிவித்தல் போட்டார்கள். விற்றவர்களில் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனாலும் அவர்கள் எங்களுக்கு ஒரு கடிதமாவது எழுதி மன்னிப்புக் கேட்டார்கள். வாங்கியவன் அதுகூடச் செய்யவில்லை. தொடர்களைத் தன்ரை செயலிக்குள் கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் தமிழ்க் குரல் போட்டான். சப்டைட்டில்களைப் பழைய செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவிட்டான். நாலு வருட வேலை. ஒரு வரி மிச்சமில்லை.

இருபத்துமூன்றாவது குரலோடு வந்தது. அண்ணை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையான மனிசரின் உதட்டை வாசிக்கலாம். வரைந்த வாய் திறக்கும், மூடும், அவ்வளவுதான். நான் பக்கத்திலிருந்து கொப்பியில் எழுதிக் காட்டினேன். கொப்பியைப் பார்த்தால் படம் ஓடிவிடுகிறது, படத்தைப் பார்த்தால் வரி போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். முழுவதையும் நான் பார்த்துவிட்டுச் சொல்லட்டோ என்று கேட்டதற்குக் கைபேசியில் எழுதினார்: "நீ சொன்னா அது நீ பாத்த கதை. எனக்கு நான் பாத்த கதை வேணும்." அந்த இரண்டு அத்தியாயத்தையும் இன்றுவரை அவர் பார்க்கவில்லை.

எங்கள் ஆறு பேரில் ஒருவன் உடுவில் சிவதர்ஷன். கம்பஸில் படிக்கிறான், படித்ததைவிடப் போராட்டத்தில் நின்றது கூட. "மகஜர் குடுப்பம்" என்றான். யாழ்ப்பாணத்தில் எதற்காகத் தெருவில் இறங்கினாலும் கடைசியில் கோரிக்கையை எழுதி, ஆட்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு மகஜராகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது போராட்டமில்லை, சும்மா வெயிலில் நின்றது. ஆனால் யாரிடம் கொடுப்பது? கம்பனி எந்த நாட்டில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தச் செயலியை இங்கே டேட்டாவோடு சேர்த்து விற்பது ஒரு தொலைபேசிக் கம்பனி. அதன் கிளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட. "உவங்களிட்டையே குடுப்பம்" என்று முடிவானது.

சனிக்கிழமை காலை இருபது பேர் பதாகையோடு நின்றோம். "பறிக்காதே, பறிக்காதே, எங்கள் எழுத்தைப் பறிக்காதே!" அண்ணைக்குக் கோஷம் கேட்காது. எங்கள் வாயைப் பார்த்து, ஒரு சொல் பிந்திக் கையை உயர்த்தினார். காங்கேசன்துறை பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா கிட்ட வந்தா.

"எந்தக் காணி, பிள்ளை?"

"காணி இல்லை அம்மா, படம்," என்றேன். "எங்கடை படத்தைப் பெரிய கம்பனி ஒண்டு எடுத்திட்டுது. காது கேளாத ஆக்கள் இனிப் பாக்கேலாது."

"அதையும் பிடிச்சிட்டாங்களோ!" அம்மா உடனே பேனையை வாங்கினா. "நான் மயிலிட்டி. ஆமி பிடிச்ச எங்கடை காணிக்கு இருபத்தேழு வருசம் கையெழுத்து வைச்சனான். விடாதேங்கோ." குணலட்சுமி என்று முழுப் பெயரையும் தெளிவாக எழுதி, அடையாள அட்டை இலக்கத்தையும் பாராமல் போட்டா. எங்களில் பாதிப் பேர் அனிமே என்றால் என்ன என்று விளக்கி வாங்கிய கையெழுத்துகளைவிட அந்த ஒன்று எனக்குப் பெரிதாக இருந்தது.

மகஜரில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. பழைய சப்டைட்டில்களைத் திரும்பப் போடுங்கள், கடைசி இரண்டு அத்தியாயத்துக்கும் நாங்களே எழுதித் தருகிறோம். கிளை முகாமையாளர் நல்ல மனிசர் மாதிரித்தான் இருந்தார். ஏசி அறைக்குள் கூப்பிட்டு நெல்லிக் கிரஷ் தந்தார். மகஜரைப் பிரித்துப் பார்க்கவில்லை. "மேலிடத்துக்கு அனுப்பிறன்" என்றார். பிறகு, "ஒரு படம் எடுப்பமே?" என்றார்.

இங்கேதான் கோட்டை விட்டோம். எங்கள் பேப்பர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் தெரியும். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கடதாசியைப் பிடித்துக்கொண்டு, கடதாசியைப் பாராமல் கமராவைப் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் மகஜர் கொடுத்ததற்குச் சாட்சியில்லை. அண்ணையை நடுவில் விட்டோம். அவர் ஒரு நுனி, முகாமையாளர் மறு நுனி. "கொஞ்சம் சிரியுங்கோவன்," என்றார் முகாமையாளர். பெரிய மனிசர் கேட்கிறார், குடிக்கவும் தந்துவிட்டார். நாங்கள் சிரித்தோம். நான் சிரித்ததைப் பார்த்து அண்ணையும் சிரித்தார். பதாகைகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்.

திங்கட்கிழமை தொலைபேசிக் கம்பனியின் முகநூல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. மேலே பெரிய எழுத்தில்: "நன்றி தெரிவித்த யாழ். ரசிகர்கள்! இனி உங்கள் அனிமேயைத் தமிழில் கேட்டு மகிழுங்கள்!" அந்தக் 'கேட்டு' என்ற சொல் சரியாக அண்ணையின் நெஞ்சுக்கு மேலே நின்றது. இருபது பேரின் கோபத்தை எடுத்து, வெயிலில் நின்ற கால்வலியை எடுத்து, மயிலிட்டி அம்மாவின் கையெழுத்தை எடுத்து, விளம்பரம் செய்திருக்கிறார்கள்! அதற்குப் பல்லைக் காட்டிக் கொடுத்தவள் நான்.

அண்ணைக்குக் காட்டாமல் விடுவம் என்று நினைத்தேன். படகுப் பட்டறைப் பெடியள் காட்டிவிட்டார்கள். மத்தியானம் கையில் பிசினோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் சிவதர்ஷனும் படத்தின் கீழே எழுதிய ஏச்சுகள் பத்து நிமிடத்தில் காணாமல் போயிருந்தன. அண்ணையும் ஒன்று எழுதியிருந்தார், மரியாதையாக: "படத்தில் நடுவில் நிற்பவன் நான்தான். நன்றி சொல்ல வரவில்லை. எங்களுக்கு எழுத்து வேண்டும்." அதற்கு மட்டும் பதில் வந்திருந்தது. கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உங்கள் கருத்துக்கு நன்றி. முறைப்பாடுகளுக்குக் கீழ்க்காணும் இலக்கத்துக்கு அழைத்து எமது முகவருடன் பேசவும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத ஏலாது. அண்ணை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சொல்லும் தவறவிடவில்லை என்று நினைக்கிறேன். பிறகு கையைக் கழுவிவிட்டு என் கணினிக்கு முன்னால் இருந்தார். அந்தப் படத்தை இறக்கினார். நாங்கள் சப்டைட்டில் போடும் அதே மஞ்சள் எழுத்து, அதே அளவு, அதே இடம். சத்தங்களுக்குப் போடும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி அடித்தார்.

(எனக்குக் காது கேட்காது. உங்களுக்கு?)

அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து மூன்று விரலைத் தூக்கினார். இந்த முறை அவர் கேட்கிறார், நான்தான் வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாசித்தேன். மூன்று விநாடிகூடத் தேவையில்லை என்று தலையாட்டினேன். படத்தை ஊருக்கு விட்டார்.