சின்னவரின் இறங்காத கை

ஜவுளிக்கடைச் சின்னவரின் வலது கை ஒரு திங்கட்கிழமை காலை வியாபார நேரத்தில் மேலே போனது, பிறகு இறங்கவில்லை. கடை அன்றும் வழக்கமான நேரத்துக்குத்தான் சாத்தப்பட்டது. ஆனால் கதையை ஏறிய கையிலிருந்து தொடங்குவது முறையல்ல. அதற்கு முன்பே ஒரு தோள் இறங்கியிருந்தது. அது அவருடைய அண்ணனுடையது. கடையில் அவருக்குப் பெரியவர் என்று பெயர்.

பெரியவருக்குக் கன்னத்தின் உட்புறம் புற்று வந்தது. அதை வெட்டியெடுத்த மருத்துவர்கள், கழுத்தில் கட்டியிருந்த நெறிகளையும் காதடியிலிருந்து காறையெலும்புவரை திறந்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் தோளைத் தூக்கிப் பிடிக்கும் நரம்பு கழுத்து வழியாகத்தான் போகிறது. அந்த வேலையில் அது நசுங்கிவிட்டது. தையல் பிரித்தபோது வலது தோள், ஆணி கழன்ற அலமாரித் தட்டுபோல ஒரு பக்கம் சரிந்திருந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. கை நெஞ்சுயரம் வரும். அதற்குமேல், கீழேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல நின்றுவிடும். சட்டை மாட்டவும் தலை வாரவும் மனைவி வேண்டியிருந்தது. நரம்பு அறுபடவில்லை, பயிற்சி செய்தால் திரும்பும் என்றார் மருத்துவர். தினமும் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேல்நோக்கி நடக்க வேண்டும். விரல் எட்டிய இடத்தில் மனைவி பென்சிலால் கோடு போட்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏணியும் முக்காலியும் இல்லாமல் மேல்தட்டிலிருந்து துணிச்சுருளைத் தன் கையால் இறக்குபவனே முதலாளி நாற்காலியில் உட்காரலாம். முதலாளி சரக்கைத் தொட்டு வியாபாரம் செய்ய வேண்டும் என்பதற்காகத் தகப்பனார் வைத்த சட்டம் அது. முடியாதவனை எழுப்பிவிடுவதற்காக வைத்தது அல்ல. சின்னவர் அதன் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார். பெரியவரின் மகளைக் கட்டிய வீட்டார் கடைக்கு வந்திருந்த நாளாகப் பார்த்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அண்ணா, சம்பந்தி வீட்டுக்கு அந்த மேல்தட்டு நீலத்தை நீங்களே எடுத்துக் குடுங்களேன். உங்க கையால எடுத்தாத்தானே ராசி."

பெரியவர் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். சாக்குச் சொல்வது அவர் ரத்தத்தில் இல்லை. எழுந்தார். கை நெஞ்சுவரை வந்தது, நின்றது. சம்பந்தியம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். இரக்கத்தால்தான் திருப்பினாள், அதைத்தான் பெரியவரால் பொறுக்க முடியவில்லை. சின்னவர் சிரித்தபடி தன் கையை வீசி மேல்தட்டைத் தொட்டார்.

"எட்டின கை அங்கேயே இருக்கட்டும், தம்பி. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்" என்றார் பெரியவர். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

சுருளைக் கடைப்பையன்தான் இறக்கினான். கை இறங்கவில்லை. எலும்பு வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இதைவிட ஆரோக்கியமான கையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று அனுப்பிவைத்தார்கள். சின்னவர் தெருவில் நடந்தால் பேருந்துகள் தாமாக நின்றன. ஓட்டுநர்களிடம் வசவு வாங்கினார். வியாபாரிகள் சங்கத்தில் எல்லாத் தீர்மானங்களையும், அவரை எதிர்த்து வந்த தீர்மானத்தையும்கூட, அவர் ஆதரித்ததாக எழுதிக்கொண்டார்கள். ஏலக்கடை வாசலில் சற்று நின்றதற்கு, கண்ணாடி உடைந்த இரண்டு பீரோக்கள் வீடு வந்து சேர்ந்தன. முதலாளி நாற்காலியோ மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தூக்கிய கையோடு அதில் உட்கார வழியில்லை. பெரியவர் சரிந்த தோளோடு அதில் உட்கார்ந்தார். மேல்தட்டில் அதன்பிறகு யாரும் சரக்கு வைக்கவில்லை.

ஒரு காலை பெரியவரின் விரல் பென்சில் கோட்டை நகக்கண் அளவு தாண்டியது. அதே வேளையில் சின்னவரின் கை நகக்கண் அளவு தணிந்தது. ஓரகத்திகள் இருவரும் துணி உலர்த்தும்போது பேசிக்கொண்டதில் இது தெரியவந்தது. மறுநாள் விடியும்முன் சின்னவர் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். அன்றுமுதல் வெந்நீர்த் துண்டைப் பிழிந்து தோளில் போடுவதும், இடது கையால் அண்ணனின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு "மெதுவா அண்ணா, இன்னும் கொஞ்சம்" என்பதும் அவர் வேலையாயிற்று. ஏறச் சொல்லிக் கெஞ்சுபவர், எட்டாத கையைப் பார்த்துச் சிரித்தவர்தான். பெரியவர் முழங்கையை மட்டும் கொடுத்தார். வருஷங்கள் இப்படிப் போயின. கோடுகள் சுவரில் ஏறின. பெரியவர் தானே சட்டை மாட்டினார், தானே தலை வாரினார். விரல் நெற்றிக்கு நேரே வந்தபோது சின்னவரின் கை தோள்மட்டத்துக்கு இறங்கி, பக்கவாட்டில் நீண்டு நின்றது. நரம்பு திரும்பிவிட்டது, மிச்சமும் சீக்கிரம் ஏறிவிடும் என்று மருத்துவர் கையைக் குலுக்கினார்.

மறுநாள் பெரியவர் சுவரிலிருந்து விரலை எடுத்தார்.

"போதும்."

"இன்னும் ஒரு சாண்தானே அண்ணா. மன்னிச்சிருங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"உனக்கு அது ஒரு சாண். எனக்கு சம்பந்தியம்மா திருப்பிக்கிட்ட முகம்."

அன்று மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, இது உங்க தோளுக்கும் சேர்த்துத்தானே தண்டனை?" என்று கேட்டாள். அவர் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"தலை நிமிர்ந்து நிக்கக் கழுத்து போதும்" என்றார்.

அதன்பிறகு அவர் சுவர்ப்பக்கம் போகவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கடைசிக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார். சின்னவர் தினமும் நீட்டிய கையோடு கடைக்கு வருகிறார். வாசலோரம் வெளிச்சம் நன்றாக இருப்பதால், புதுச் சரக்கை அந்தக் கையில் விரித்துப்போட்டுக் காட்டுவது பழக்கமாகிவிட்டது. போன மாதம் சம்பந்தியம்மாள் பேரனுக்குச் சட்டைத்துணி எடுக்க வந்தாள். கையில் தொங்கிய நீலத்தை விரல்களால் தேய்த்துப் பார்த்தாள். கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாயம் போகுமா என்றுதான் கேட்டாள்.

"போகாது" என்றார் பெரியவர், நாற்காலியிலிருந்து.