ஓரம் பூசும் வேலை

அண்ணனின் அக்குள்களில் கைகொடுத்துத் தூக்கித் தலையணைகள்மேல் சாய்த்தான் தம்பி. படுத்தால் மூச்சு முட்டியது. கப்பலின் தொட்டிக்குள் தம்பியைத் தோளில் ஏற்றி மேல்மூலைக்குப் பூச்சு அடிக்கவைத்த உடம்பு, இப்போது துணிமூட்டையின் கனம்கூட இல்லை.

துரு ஏறாமலிருக்கக் கப்பல் தொட்டிகளின் உட்சுவருக்குப் பூச்சு அடிப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. இரண்டு டப்பாக்களைக் கலந்து ஸ்ப்ரேயால் அடிக்க வேண்டும். காய்ந்தால் கண்ணாடியாக இறுகிவிடும். உப்புத் தண்ணீர் தலைகீழாக நின்றாலும் உள்ளே புகாது. அடிக்கும்போது பறக்கும் புகைதான் அண்ணனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் எக்ஸ்ரேயை ஒருமுறை பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

"கப்பலுக்குப் பதினஞ்சு வருஷம் துரு பிடிக்காதுன்னு கேரண்டி எழுதித் தர்றானுங்க," என்றான் அண்ணன், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று. "அடிச்சவனுக்கு ஒரு வருஷமாவது தரலாம்ல?"

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"நீ அந்த வேலைய விட்டுட்டதானே?"

"போன மாசமே விட்டுட்டேண்ணே. இப்ப கிடங்கு வேலை."

கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய். அண்ணன் அவன் கையை இழுத்து முகத்தருகே வைத்துக்கொண்டான். விரல்களில் பூச்சின் வாடை இன்னும் போகாமல் இருந்தது.

"முகமூடியோட வடிகட்டியைத் தினமும் மாத்து," என்றான் பிறகு. "ஒண்ணையே நாலு நாள் ஓட்டலாம்னு பார்க்காத. நான் அப்படித்தான் பார்த்தேன்."

தம்பிக்குத் தலை நிமிரவில்லை. கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

மத்தியானம் அண்ணி வெந்நீர் கொண்டுவந்தபோது அந்தப் பிடி தளர்ந்திருந்தது. தம்பிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணி தம்ளரை ஜன்னலில் வைத்தாள். புருஷனின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். அப்புறம்தான் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது கப்பல் வேலை மேஸ்திரி தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் கண் செருப்பின்மேலேயே இருந்தது.

"கேக்கவே நாக்கு கூசுதுப்பா. நாளைக்குள்ள ரெண்டாவது கோட்டிங் விழலைன்னா முதல் கோட்டிங்கையும் சுரண்டி எடுக்கணும். கப்பல் காத்திருக்கு. வேற ஆள் இல்ல."

மேஸ்திரி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உள்ளே அண்ணி கட்டிலிலிருந்து தலையணைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனின் மகள் அழுது ஓய்ந்து வெறுந்தரையிலேயே தூங்கிப் போயிருந்தாள்.

"நாளைக்குப் போறீங்களா தம்பி?"

"போகணும் அண்ணி."

"அங்க பொம்பளைங்களுக்கு என்ன வேலை குடுப்பாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். தரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான்.

"ஓரம் பூசற வேலை இருக்கு. வெல்டிங் ஓரம், போல்ட்டு இடுக்கு… ஸ்ப்ரே சரியா படாத இடம். பிரஷ்ஷால பூசணும்."

"தொட்டிக்கு உள்ளேயா?"

"உள்ளதான்."

அண்ணி சரியென்று தலையசைத்தாள். கட்டிலின் விரிப்பை உருவி உதறினாள். ஓர் ஆளாக மடிக்க முடியாத நீளம். தம்பி போய் மறுபக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் தள்ளி நின்று சுருக்கம் போக இழுத்தார்கள். பிறகு முனையோடு முனை சேர்த்தார்கள்.