நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

குற்றாலிங்கத்துக்கு உடம்பு இளைக்க ஆபரேஷன் செய்து வயிற்றுக்குள் பட்டை போட்ட மறுவாரம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நிற்பார்களே, அப்படி. இடது கை நாற்காலி முதுகில். பார்வை தட்டில்.

வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்காசிப் பக்கம் சாப்பிடுகிறவர் பின்னால் ஆள் நிற்பது புதிதல்ல. வீட்டில் நிற்பதுதான் கொஞ்சம் புதிது.

குற்றாலிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. சாம்பாரை ஒரு விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, அவர் தலையை ஆட்டிய பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். ஒருமுறை ஆட்டாமல் விட்டார். அந்தச் சமையல்காரர் இப்போது கொல்லத்தில் குடை விற்கிறார். வட்டார விருந்தினர் பேரவை குற்றாலிங்கத்துக்குச் சால்வை போர்த்தி ‘இலைச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தது. பேரவையின் தலைவர், செயலாளர், புரவலர் எல்லாம் அவரே.

அப்பேர்ப்பட்டவர் பட்டை போட்டுக்கொண்டதற்குக் காரணம் மகள் சுபாவின் நிச்சயதார்த்தப் போட்டோ. அதில் சுபா இருந்தாள். மாப்பிள்ளை இருந்தான். இரண்டு பேருக்கும் முன்னால் குற்றாலிங்கம் இருந்தார். ஆகவே முதல் இரண்டு பேரும் தெரியவில்லை.

“கல்யாண ஆல்பத்துலயாவது பிள்ளைய கண்ணுல காட்டுங்க,” என்றாள் மனைவி சங்கரவடிவு. “பட்டைய போட்டுட்டு வாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் நம்பினார்.

டாக்டர் வில்வநாதன் உலகப் புகழ் பெற்றவர். அப்படித்தான் வாசலில் அவரே எழுதி மாட்டியிருந்தார். இரைப்பையின் மேல்பக்கம் ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கி, அதற்கு மேலே கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை விட்டுவைத்தார். குழந்தைக் கரண்டியால்தான் சாப்பிட வேண்டும். கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. தேவைப்பட்டால் தோலுக்கு அடியில் ஊசி போட்டுப் பட்டையை இன்னும் முறுக்கிக்கொள்ளலாம்.

“இனிமே உங்களுக்குப் பசியே தெரியாது,” என்றார் டாக்டர், வரம் கொடுக்கிற மாதிரி கையைத் தூக்கி.

பசி அடங்கியது உண்மைதான். ஆசை அடங்கவில்லை. அதற்கு இன்னும் பட்டை வரவில்லையாம்.

முதலில் காலை வாரியது இட்லி. ஆயுசு முழுக்க அவர் பாராட்டி வந்த இட்லி. ஒரு விள்ளல் உள்ளே போய், நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டு, மேலேயும் வரமாட்டேன் கீழேயும் போகமாட்டேன் என்றது. குற்றாலிங்கம் கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சுதா அண்ணாச்சி?” என்றார் பின்னால் நின்றவர்.

“இல்ல.”

“மெதுவாவே சாப்பிடுங்க. நான் நிக்கேன்.”

“யாருவே நீரு?”

“அடுத்த பந்தி.”

குற்றாலிங்கம் மனைவியைப் பார்த்தார். “வடிவு, யாரு இது?”

“கால் கடுக்க நிக்காரு, பாவம். நீங்க சட்டுனு எந்திரிங்க.”

அவர் எழுந்தார். அந்த ஆள் உட்கார்ந்தார். சங்கரவடிவு இட்லியை அடுக்கினாள். அடுக்கு மேசைக்கு மேலே விளக்கைத் தொட்டது. அந்த ஆள் அதைச் சத்தமில்லாமல் உள்ளே இறக்கி முடித்து, மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் கேட்டார். சங்கரவடிவு அவரைப் பார்த்த பார்வை குற்றாலிங்கத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முப்பது வருஷமாக அது அவர் மேல் இருந்தது.

அந்த வாரமே அவருடைய பழைய சட்டைகளையெல்லாம் அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

“உங்களுக்குத்தான் தொளதொளன்னு ஆயிட்டுல்லா,” என்றாள்.

சட்டைகள் அந்த ஆளுக்குத் தைத்த மாதிரி இருந்தன.

குற்றாலிங்கம் டாக்டரிடம் ஓடினார். ஓடுவதற்கு இப்போது உடம்பு வளைந்து கொடுத்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான் கொடுக்கவில்லை. அவர் நடக்க நடக்க நீண்டது. இரண்டு பக்கமும் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் மெலிந்த ஒருவர். ஒவ்வொருவர் பின்னாலும் தடித்த ஒருவர்.

டாக்டரின் நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள் வெள்ளைக் கோட்டோடு நின்றார். டாக்டர் அவரைக் கவனிக்காத மாதிரி வேகமாகப் பேசினார்.

“பட்டைக்கு மேல இருக்கறது உங்களோடது சார். கீழ அவ்வளவு பெரிய வயிறு சும்மா கெடக்கு. நம்ம ஊர்ல சும்மா கெடக்கறத யாராவது விட்டு வைப்பாங்களா?”

“அது என் வயிறு டாக்டர்!”

“கொஞ்சம்,” என்றார் டாக்டர். ஊசியை எடுத்துப் பட்டையை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். “ரொம்ப நல்லா ஒத்துழைக்கிறீங்க.”

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சம்பந்தி பந்தி. பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையைப் பெற்றவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் அவர்கள் வழக்கத்தில் உறவு கூடியதாக அர்த்தம். அந்த இலையில் உட்காராதவன் பெண்ணைப் பெற்றவனே இல்லை.

“அந்த ஒரு இலை எனக்கு வேணும் வடிவு. அந்த ஆளக் கூப்பிட்டுராத.”

“நான் எதுக்குக் கூப்பிடுதேன்?” என்றாள் அவள்.

கல்யாண மண்டப வாசலில் அந்த ஆள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கத்தின் பட்டுச் சட்டை போட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்து, “பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, இனி கவலையில்ல,” என்றார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கூப்பிடலன்னியே!”

“கூப்பிடல. போகச் சொல்லல, அவ்வளவுதான்.”

குற்றாலிங்கம் ஓடிப்போய் முதல் இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சம்பந்தி கோலப்பன். பின்னால் அந்த ஆள். சாம்பார் வந்தது. குற்றாலிங்கம் தொட்டார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். பந்தி சாப்பிட ஆரம்பித்தது.

மடியிலிருந்து குழந்தைக் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். கூழாகும்வரை மென்றார்.

முதல் இலையில் உட்கார்ந்த பெரியவர் இலையை மடிக்காமல் பந்தியில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எல்லாரும் சாப்பிட்டு முடித்து, எச்சில் கையை இலைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பின்னால் நின்றவர்களுக்குப் பின்னால் வேறு ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலும் நின்றார்கள். கடைசி ஆள் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

குற்றாலிங்கம் அவியலுக்கு வந்தபோது சுபாவின் தலையில் பூ வாடியிருந்தது. அப்பளத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் மீசை நரைத்திருந்தது.

“சம்பந்தி, கை காஞ்சிட்டு,” என்றார் கோலப்பன்.

“இன்னும் ரசம் வரலையே.”

“ரசமா? அது என் முடி கறுப்பா இருக்கும்போதே வந்துட்டுப் போயாச்சு.”

பின்னால் நின்றவர் ‘முடிஞ்சுதா’ என்று கேட்கவேயில்லை. அதுதான் குற்றாலிங்கத்துக்கு உதைத்தது.

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அது அவருடைய இலையின் மறுபக்க விளிம்பைப் பிடித்து, தொடாத வடையோடும் தொடாத பாயசத்தோடும் சேர்த்து, அவர் பக்கமாக மடித்தது.

பந்தி முழுக்க ஒரே சத்தமாக நாற்காலிகள் நகர்ந்தன.

மடித்த இலையைத் திரும்ப விரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. பேரவையில் அந்த விதியைக் கொண்டுவந்து, கைதட்டச் சொல்லி, கைதட்டலும் வாங்கியவர் குற்றாலிங்கம்.

“நீயா வடிவு?”

“பாத்துக்கிடுதேன்னு அன்னைக்கே சொன்னேன்லா,” என்றாள் சங்கரவடிவு. பாயசம் நனைத்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, புது இலை எடுக்கப் போனாள்.

அவர் எழுந்தார். அந்த ஆள் உட்கார்ந்தார். கைகழுவிவிட்டு வந்த கோலப்பன் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளின் முதுகில் தட்டினார்.

“இப்பதான் சம்பந்தி கூட உக்காந்த மாரி இருக்கு.”

சாம்பார் வந்தது. அந்த ஆள் ஒரு விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் தலையை ஆட்டினார். சுபா மாப்பிள்ளையோடு சிரித்தபடி வந்து அவருக்கு நெய் ஊற்றினாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம்?” என்றாள்.

போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். “பின்னால நிக்கவரு கொஞ்சம் குனிஞ்சுக்கிடுங்க.”

குற்றாலிங்கம் குனிந்தார். போட்டோவில் பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று விழுந்தார்கள்.

குனிந்த இடத்தில் நெய் வாசனை வந்தது. பட்டை போட்ட பிறகு முதல்முறையாக அவருக்குப் பசித்தது. கோழிமுட்டை அளவுப் பசி இல்லை. பழைய பசி.

“முடிஞ்சுதா அண்ணாச்சி?” என்றார்.

அந்த ஆள் திரும்பவில்லை. குற்றாலிங்கத்தின் குழந்தைக் கரண்டியை எடுத்து, நுனியில் நாலு பருக்கை வைத்து, வாயில் போட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

“டாக்டரு மெதுவாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காரு.”

குற்றாலிங்கம் காலை மாற்றி நின்றார். நாற்காலி முதுகிலிருந்து இடது கையை எடுக்கவில்லை. எடுத்தால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.