புதன்கிழமை வந்த தண்ணீர்

"போன கார்த்திகை மாசத்துத் தாளை எடுங்க சார். புதன்கிழமை வரியில நான் எழுதியிருக்கது பொய். அதை அடிச்சுத் திருத்தணும்."

நீர்மட்ட ஆபீசில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஓவியா இதைச் சொன்னாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா சோணைமுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சாத்தூருக்கு வரும் பஸ்ஸில் வழிநெடுக அவர் கெஞ்சிக்கொண்டு வந்தது இதைத்தான். என்ன வேண்டுமானாலும் பேசு, அனுப்பின தாளைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. மூன்று வருடம் முந்தி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு நீர்மட்டப் பிரிவு அதிகாரி காசிராஜனும் அதையேதான் சொல்லியிருந்தார். "இந்த ஆபீஸ்ல போன தாளு போனதுதாம்மா. திரும்பக் கேக்கப்பிடாது."

அந்தக் காசிராஜன் இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காலையில சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?"

"சாப்பாடு கெடக்கட்டும் சார். தாளை எடுங்க."

"ஏம்யா சோணைமுத்து, உம்ம மக வெறும் வயித்துல வந்திருக்கா போல. பேச்செல்லாம் ஒரு மாதிரி வருதே."

சோணைமுத்து சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

ஓவியாவின் வேலை சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே ஊரை ஒட்டி ஓடுகிற ஆற்றுப் பாலத்தின் தூணில் ஒரு அளவுப் பலகை அறைந்திருக்கிறது. வெள்ளையில் கறுப்புக் கோடு. தினமும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்த்து, தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறதென்று எழுத வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர் வந்தால், மணிக்கொரு தடவை பார்த்து அன்றைக்கு ஏறின உச்ச அளவைப் போட வேண்டும். வருடம் முழுக்க அநேகமாக எல்லா நாளும் அங்கே வேலிக்கருவையும் ஆட்டுப் புழுக்கையும்தான் நிற்கும். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், அந்தத் தெருவிலேயே முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள், வறண்ட ஆற்றைப் பார்த்து "வறட்சி" என்று எழுதுகிற வேலையில் இருந்தாள். தினம் எட்டு மணிக்குப் பாலத்தில் நிற்க வேண்டுமென்று ஆர்டரில் இருந்ததால் வேறு வேலைக்கும் போக முடியாது. வெளியூரில் படிக்கவும் முடியாது. பெர்மனன்ட் ஆகும், ஆகும் என்று மூன்று வருடம் ஓடியிருந்தது.

அதிலும் ஒரு சுருக்குவழி உண்டு. தபால் கவரைச் சாத்தூருக்குக் கொண்டுபோகிற பஸ் கண்டக்டர் அந்த டிரிப்பில் திங்கட்கிழமை மட்டும்தான் வருவார். அதனால் வரப்போகிற ஏழு நாளுக்கான தாளைத் திங்கட்கிழமையே நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏழு வரியிலும் வறட்சி, கீழே கையெழுத்து. "காஞ்ச ஆத்துக்கு ஏழு தடவை எதுக்கு நடக்கணும்?" என்று பழக்கிவிட்டவர் காசிராஜன்தான். ஓவியாவும் ஒன்றும் சண்டை போடவில்லை. முதல் ஆறு மாதம் கை கூசியது. அப்புறம் அதுவும் பழகிப்போனது.

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போது ஆறு வந்தது. ஊரில் பொட்டு மழை கிடையாது. மேற்கே மலையில் பெய்திருக்கிறது. சருகையும் செருப்பையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் பாலத்துக்கு அடியில் புகுந்தது. ஓவியா பாலத்துக்கு ஓடினாள். பத்து மணிக்கு அறுபது சென்டிமீட்டர். பதினோரு மணிக்கு ஒன்று எண்பது. பன்னிரண்டுக்கு இரண்டு நாற்பது. கையிலிருந்த பாக்கெட் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே எஸ்டிடி பூத்துக்குப் போய் போன் போட்டாள்.

"எம்புட்டு நேரம் ஓடும்? சாயங்காலத்துல வடிஞ்சிருமில்ல?" என்றார் காசிராஜன். "அப்ப விடும்மா. தாளுதான் திங்கக்கெழமையே வந்துருச்சே."

வடிந்துதான் போனது. ஆனால் அதற்குள் கரையோரத்தில் இருக்கும் பெத்தணன் பட்டாசுக் கம்பெனியின் பின்பக்க ரூம்களுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறிவிட்டது. ஓவியாவின் அம்மா முருகம்மாள் அங்கேதான் மருந்து அலசுகிறாள்; வெடிமருந்துப் பொடிகளைச் சலித்துக் கலக்கிற வேலை. பொம்பளைகள் பன்னிரண்டு பேரும் கலந்து வைத்த மருந்தைத் தட்டோடு தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு தட்டில் தண்ணீர் பட்டுவிட்டது. அலுமினியப் பொடி கலந்த மருந்து, ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். கொஞ்ச நேரத்தில் அது தொடமுடியாமல் சுட்டது, பிறகு புகைந்தது. போர்மேன் தனுஷ்கோடி அதைப் பிடுங்கி மணலில் வீசினார். விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீ எழும்பி, பனை உயரம் போய் அடங்கியது. முருகம்மாளின் முன்நெற்றி முடி பொசுங்கிச் சுருண்டிருந்தது. "வெளிய மூச்சு விட்றாதீக. கம்பெனியை மூடிருவாக" என்றார் தனுஷ்கோடி. யாரும் மூச்சு விடவில்லை. ஓவியாவும்தான்.

ஐந்து மாதம் அப்படியே போனது. போன வெள்ளிக்கிழமை ஆபீசில் கிளார்க் லீவு. வேறு வேலையாக வந்திருந்த ஓவியாவைக் கூப்பிட்டு, "ஒனக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், இதைக் கொஞ்சம் நகல் எடும்மா" என்று ஒரு சான்றைக் கொடுத்தார் காசிராஜன். பாதி எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'கடந்த மூன்றாண்டு அளவீட்டின்படி மேற்படி இடத்தில் நீர்வரத்து ஏதும் பதிவாகவில்லை.' மேற்படி இடம், பெத்தணன் கம்பெனியின் ஆற்றோரப் பள்ளம். அங்கே புதிதாக நான்கு மருந்து ரூம் கட்டப்போகிறார்கள். சீசன் ஆர்டருக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அந்த ரூமுக்குப் போகப்போகிறவர்களில் முருகம்மாளும் ஒருத்தி.

"சார், சான்று இன்னும் போகலை. நீங்க கையெழுத்துப் போடலை. ஒரே ஒரு வரியைத் திருத்துங்க. ரெண்டு நாப்பதுன்னு போடுங்க. அம்புட்டுத்தான் நான் கேக்கேன்."

பாக்கெட் நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். கையை மட்டும் அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

காசிராஜன் குனிந்து பென்சில் எழுத்தைப் படித்தார். அவர் குரல் இறங்கியது.

"ஏம்மா, ஒரு வரியைத் திருத்துனா மேல இருக்கவன் என்ன கேப்பான்? திங்கக்கெழமை வந்த தாளுல புதன்கெழமை எப்படி இருந்துச்சும்பான். அப்ப மத்த வரியெல்லாம்? மூணு வருசமும் பொய்யின்னு ஆகிரும். கீழ ஓன் கையெழுத்து. அதுக்குக் கீழ என் கையெழுத்து. எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ் இருக்கு. அஞ்சு ஆத்துக்கு ஒரு ஜீப்பு, அதுவும் டயர் இல்லாம செட்டுல நிக்குது. நான் எங்கனதான் போய்ப் பாக்கட்டும் சொல்லு?"

"அதையும் எழுதுங்க சார். ஜீப்பு நிக்குதுன்னும் எழுதுங்க."

"இவ ஒருத்தி! எழுதுங்க எழுதுங்கன்னுட்டு."

சோணைமுத்து எழுந்து வந்தார். அவர் அதே கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேன்.

"தாயி, வா போவோம். அய்யாவைச் சங்கடப்படுத்தாத. நம்ம தெருவுல நாப்பது வீடு அந்தக் கேட்டுக்குள்ளதான் போய் வருது. நாளைக்கு அந்த நாப்பது வீடும் நம்ம மூஞ்சியில முழிக்குமா?"

"அம்மா மூஞ்சி இருக்கணுமில்லப்பா, முழிக்கதுக்கு."

"ஒங்கம்மாவே வேணாங்கா."

அது உண்மைதான். இன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்து, பொசுங்கின இடத்தில் குட்டையாக முளைத்திருந்த முடியை மறைத்து வாரிக்கொண்டே முருகம்மாள் சொன்னாள்: "அந்தப் புது ரூம் வரலேன்னா ஆளைக் குறைப்பாக, நான் ஆமத்தூர் வரைக்கும்லா வேலை தேடி அலையணும். ஆத்துல தண்ணி வருசா வருசமா வருது? நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு." கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

காசிராஜன் டிராயரை இழுத்தார். ஓவியா மேசையை நெருங்கி எட்டிப் பார்த்தாள். அவர் எடுத்தது பழைய தாள் இல்லை, புதுத் தாள். அடுத்த வாரத்துடையது. ஏழு வரியும் வெறுமையாக இருந்தது.

"இங்க பாரும்மா. பெர்மனன்ட் லிஸ்ட் இந்த மாசம் போகுது. ஓம் பேரு ரெண்டாவதா இருக்கு, நானே எழுதுனேன். வந்ததோட வந்த, அடுத்த வாரத்தையும் போட்டுட்டுப் போ. அந்த நோட்டு இங்கனயே இருக்கட்டும்."

பேனாவை மூடி கழற்றி நீட்டினார். சோணைமுத்துவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "போடு தாயி" என்றார் மெதுவாக.

ஓவியா பேனாவைப் பார்த்தாள். இவர் கெட்டவர் இல்லை. அப்பாவும் இல்லை. அம்மாவும் இல்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், எல்லாக் காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயங்களெல்லாம் சேர்ந்து நாலு சுவராக நின்று, உள்ளே மருந்துத் தட்டோடு அம்மாவை உட்கார வைத்திருந்தன. வெளியே தாழ்ப்பாளுக்குப் பதிலாக இருந்தது ஓவியாவின் கையெழுத்து.

"அடுத்த வாரம் ஆத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியாது சார்" என்றாள். "இன்னைக்கு எட்டு மணிக்கு வறட்சி. அது மட்டும் தெரியும். பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

பாக்கெட் நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள். அதே பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். காசிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கலெக்டருக்கா?"

"இது ஒங்களுக்கு நகல். அசல் என் பையில இருக்கு. ஒரு வரியைத் திருத்தியிருந்தீகன்னா ரெண்டையும் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"மூணு வருசமா பொய்யா எழுதுனேன்னு மொத வரியிலயே ஓம் பேரைப் போட்டிருக்கியே, கிறுக்குப்புள்ள. மொதல்ல ஒன் வேலைதான் போகும்."

"மொதக் கையெழுத்து என்னதுதான சார்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். சித்திரை வெயில் முகத்தில் அறைந்தது. பின்னாலேயே சோணைமுத்து ஓடிவந்தார். துண்டு தோளிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டது.

"ஏழாயிரம்பண்ணை பஸ் இந்தப் பக்கம் நிக்குது தாயி! இங்கிட்டு வா!"

"நீ அதுல போப்பா. அம்மா வேன்ல வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிரு. நான் என்ன செஞ்சேன்னு மத்தவக சொல்லி அவ கேக்கவேண்டாம். நீயே சொல்லிரு."

அவர் குனிந்து துண்டை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தார். அவள் ரோட்டைக் கடந்திருந்தாள். எதிர்ப்பக்கம், கலெக்டர் ஆபீஸ் இருக்கிற விருதுநகருக்குப் போகும் பஸ் புறப்படப் போகிற உறுமலோடு நின்றது. ஓவியா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.