ஊர்க்கிழங்கு

பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். எடித், கடைக்காரி பெற்றிசியாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவு. கடையின் பலகைக் கதவில் வெண்கட்டியால் எழுதிக் கிடந்தது, சீனி வாங்க வருகிறவர்களும் வாசித்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல. மாசி முடியுமுன் காசு வராவிட்டால் எடித்தின் கூரைத் தகரம் பன்னிரண்டையும் கழற்றி எடுப்பதென்று பேச்சு. மீள்குடியேற்றத்தில் கிடைத்த தகரம். அது போனால் தலைக்கு மேலே வானம்தான்.

மன்னார்க் கரையில், கீரி என்ற ஊருக்கு அப்பால், சண்டை முடிந்து ஆட்கள் திரும்பி வந்த ஒரு சின்னக் குடியிருப்பு அது. கரையில் நின்ற பனைகளில் பாதியின் தலையை ஷெல் அறுத்தது. மிச்சத்தைப் பங்கர்க் குழிக்குக் கூரை போடத் தறித்தார்கள். தடுக்க மரமில்லாமல் சோளகக் காற்று அடித்தால் சோற்றுக் கோப்பைக்குள்ளும் மணல். அதற்காகத்தான் மன்னாரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து கூட்டம் வைத்தது. பிரணவன் என்ற இளம் உத்தியோகத்தர் எழும்பி நின்று பேசினான்.

"இது எங்கட திட்டம் இல்லை. உங்கட திட்டம். நடப்போற பனை ஒவ்வொண்டும் ஊருக்குச் சொந்தம்."

எல்லோரும் கை தட்டினார்கள். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் முடிந்த பிறகுதான் அவன் மற்றதைச் சொன்னான். விதை ஒன்றுக்குப் பத்து ரூபாய். ஆனால் நட்டவுடன் இல்லை. குருத்து வெளியே வந்தபின் எண்ணிப் பார்த்துத்தான் காசு. தட்டின கைகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டன. எடித் மட்டும் இருந்தாள். புருசனைச் சண்டையில் பறிகொடுத்து, கூலிக்கு மண்வெட்டி பிடித்தே நாலு ஊர் இடம்பெயர்ந்து வந்தவள். அவளுக்கு எழும்பிப் போக இடமில்லை.

புரட்டாசியில் ஆயிரத்து இருநூறு பனங்கொட்டையைக் கரை நீளத்துக்கு நட்டாள். வேலி வேண்டுமென்று கேட்டாள்.

"வேலிக்குரிய காசு அடுத்த வருஷத் திட்டத்திலதான் அக்கா," என்றான் பிரணவன்.

"அப்ப அந்தக் கழுதையளிட்டயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ தம்பி, அடுத்த வருஷம் வரச் சொல்லி."

அவன் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். குருத்துத் தின்னத் தெருவெல்லாம் திரிகிற மன்னார்க் கழுதைக்கு வருஷமென்ன, திட்டமென்ன? எடித் முள்ளு வெட்டி ஒவ்வொரு குழிக்கு மேலும் வைத்தாள். கை முழுக்கக் கீறல். விடிய எழும்பினால் கழுதை கலைக்கிற வேலை. வேறு கூலிக்குப் போக முடியவில்லை. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் பெற்றிசியாவின் கடையில் வந்தன. வரவரக் கதவில் இலக்கம் ஏறியது.

தையில் நானாட்டான் பக்கம் அருவி வெட்டுக்கு, நெல்லறுப்புக்கு, ஆள் கேட்டார்கள். கூலி நெல்லாகத் தருவார்கள் என்றதும் போனாள். இரண்டு கிழமை கழித்து ஒரு மூட்டை நெல்லோடு திரும்பி, வீட்டுக்கும் போகாமல் நேரே கரைக்கு நடந்தாள். முள்ளெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. கழுதை ஒன்றுகூடக் கிட்டப் போகவில்லை. "மாதாவே!" என்று சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

அடுத்த நாள் பிரணவன் எண்ண வந்தான். முதல் முள்ளைத் தூக்கினான். கீழே பள்ளம். அடுத்ததைத் தூக்கினான். அதுவும் பள்ளம். எடித் முன்னால் ஓடி ஓடி முள்ளை இழுத்தாள். கையில் இரத்தம் வந்ததும் தெரியவில்லை. வரிசை வரிசையாக அலவாங்குக் கம்பி போட்டுக் கிண்டின பள்ளங்கள். கடைசி மூலையில் மட்டும் கொஞ்சக் குருத்து நின்றது. முப்பது தேறாது.

"அக்கா, எனக்குக் குருத்துத்தான் கணக்கு."

"நட்டதை நீங்கள் வந்து பாத்தனீங்கள்தானே தம்பி!"

"பாத்தனான். கந்தோரில பெரியவை கேக்கிறது நட்டதை இல்லை, நிக்கிறதை. ஊராக்கள் பாதுகாத்திருக்க வேணும் அக்கா. இது உங்கட திட்டமெல்லோ?"

காசு என்று வரும்போது மாத்திரம் திட்டம் அவர்களுடையதாகிவிடும். இழப்பு என்று வந்தால் உடனே 'உங்கட திட்டம்'. எடித் தவணை கேட்பதற்குக் கடைக்கு நடந்தாள்.

பெற்றிசியா வாசலில் கதிரை போட்டிருந்து, அவித்த பனங்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"வா பிள்ளை. வெயிலுக்குள்ளால வாறாய். முதல் இதைத் தின்னு, பிறகு கதைப்பம்."

பசி. எடித் வாங்கிக் கடித்தாள். நல்ல மாப்பிடிப்பான கிழங்கு. பாதி தின்ற பிறகுதான் கேட்டாள்.

"ஆரின்ர பாத்தியில கிண்டினது?"

"பாத்தியே? கரைக் கிழங்கு. ஊர்க்கிழங்கு." பெற்றிசியா உள்ளே போய் இரண்டு கட்டுக் கிழங்கைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். "இது உன்ர பங்கு. நீ அருவி வெட்டப் போயிருந்தாய். ஆள் இல்லையெண்டு பங்கு வைக்காம விட ஏலுமே?"

எடித்தின் வாயில் கிழங்குத் தும்பு அப்படியே நின்றது.

"அக்கா, அது மரத்துக்கு நட்டது!"

"ஊருக்குச் சொந்தமெண்டு அந்தத் தம்பிதானே கூட்டத்தில சொன்னவர்? வேலியும் இல்லை. குருத்து விட்டா கிழங்கு வைரிச்சுப் போகுமெண்டு சனம் இறங்கீட்டுது. நான் கிண்டினது நாலு வரிசைதான். மிச்சம் நிக்குமெண்டு நினைச்சன்." தோலுரிக்கிற கை மெதுவானது. "எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவையாக்கும்."

"முள்ளு?"

"திருப்பி வச்சிட்டுத்தான் வந்தனாங்கள். பிள்ளையள் பள்ளத்துக்குள்ள காலை விட்டாலுமெண்டு."

எடித் சிரித்தாளா அழுதாளா என்று பெற்றிசியாவுக்கே விளங்கவில்லை.

"கழுதைக்குக் காவல் இருந்தனே அக்கா, கழுதைக்கு! உங்கட அரிசியைத் திண்டு நான் நட்டன். நான் நட்டதை நீங்கள் கிண்டித் திண்டுட்டீங்கள். எனக்கு முந்நூறு ரூபாயும் தேறாது. ஏணியை எடுத்துக்கொண்டு வாங்கோ, தகரத்தைக் கழட்டுவம். கழட்டிப்போட்டு அதையும் ஊருக்குப் பங்கு வைப்பம். எனக்கும் மறக்காம ஒண்டு வையுங்கோ!"

தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள். பெற்றிசியா அவர்களை ஒருமுறை பார்த்தாள். அவர்களின் வீட்டு முற்றத்திலும் கிழங்குத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் நடையைக் கட்டினார்கள்.

"நான் மட்டுமே கிண்டினனான்? நான் மட்டும் ஏன் நட்டத்தை இறுக்க வேணும்?" என்று முணுமுணுத்தபடி பெற்றிசியா எழும்பினாள். ஒரு பழந்துணியை நனைத்தாள். கதவுக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு துடைத்தாள். பதினோராயிரம் போனது. நானூறு போனது. அறுபதில் கை நின்றது.

"அதென்ன மிச்சம்?" என்றாள் எடித்.

"அது மண்ணெண்ணெய். அதை நான் வேறொருத்தரிட்டக் கடனுக்கு எடுத்து விக்கிறன். அதை விட ஏலாது பிள்ளை."

எடித் தும்பைத் துப்பினாள். மேசையில் கிடந்த தன் பங்கை, இரண்டு கட்டுகளையும், பெற்றிசியாவின் பக்கம் தள்ளினாள்.

"சந்தையில கட்டு என்ன விலை போகுது?"

"முப்பது."

"அப்ப எடுங்கோ."

பெற்றிசியா கட்டுகளைத் தூக்கிப் பார்த்தாள். "ஒண்டு கொஞ்சம் மெலிவாத்தான் கிடக்கு," என்றாள். பிறகு அறுபதையும் துடைத்தாள்.